காக்காத்துரையின் மத்தியான வெடி

எச்சில் கையால் காக்கா விரட்டாதவன் என்று கருமியைச் சொல்வார்கள். கையைச் சுத்தமாகக் கழுவி, காக்கிச் சட்டை மாட்டி, அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, மாதச் சம்பளத்துக்குக் காக்கா விரட்டுகிறவனை என்னவென்று சொல்வது? ராணுவம் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தது: 'ஓடுபாதைப் பறவை அபாயத் தடுப்பு உதவியாளர், நிலை இரண்டு.' நிலை ஒன்றில் ஒருவர் இருந்ததாக யாருக்கும் தெரியாது. இந்தப் பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் ஆள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார் என்பதால், முகாம் பஸ்ஸில் அவரைக் காக்காத்துரை என்றார்கள். அவரும் சரி என்று விட்டுவிட்டார். சரி என்று விடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஆபீஸ் என்றால் நாலு பேர் காக்கா பிடித்து மேலே போவார்கள், இவர் ஒருத்தர்தான் காக்கா விரட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறார் என்பது பஸ்ஸின் பழைய ஜோக். புதிதாகச் சேருகிறவர்கள் அதைத் தாங்களே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டு சொல்வார்கள். அவர் ஒவ்வொரு முறையும் சிரிப்பார். உதடு மட்டும் சிரிக்கும். மற்ற உறுப்புகளுக்குச் செய்தி போய்ச் சேராது.

முகாம் ஊரைவிட்டு வெகு தொலைவில், ஆடுகூட வழிதவறி வராத பொட்டலில் இருந்தது. விடியுமுன் கிளம்புகிற பஸ் வெயில் ஏறிய பிறகுதான் அங்கே போய்ச் சேரும். சாயங்காலம் திரும்பிக் கிளம்பினால் ஊர் வந்து சேர இருட்டிவிடும். கடைசிப் பெட்ரோல் பங்க்கைத் தாண்டியதும் ஜன்னல் திரைகளை இழுத்துவிட வேண்டும் என்பது விதி. வெளியே இருப்பது ராணுவ ரகசியம். அந்த ரகசியம் யாதெனில், கல். கல்லுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் கல். முகாமில் நடப்பதை வெளியில் மூச்சுவிட மாட்டேன் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆனாலும் புதுத் தளபதி வரப்போகிற சேதி முகாமுக்கு வருமுன் காய்கறிக்கடைக்கு வந்துவிடும். அங்கே இருந்த ஒரே உண்மையான ரகசியம், அங்கே ஒன்றும் நடப்பதில்லை என்பதுதான். அதை மட்டும் வெளியில் சொன்னாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

பஸ்ஸில் அவரவருக்கு ஓர் இடம். பெயர் எழுதவில்லையே தவிர, சீட்டின் முதுகில் தலையெண்ணெய்க் கறை இருந்தது. எந்தக் கறை எந்தத் தலையுடையது என்று எல்லோருக்கும் தெரியும். காக்காத்துரைக்குப் பக்கத்து இடம் மெஸ் சமையல்காரருடையது. கனத்த ஆள். பேச்சிலும் கனம்தான்.

"என்ன துரை, வீட்ல என்ன சேதி?"

"ஒண்ணுமில்லண்ணே."

"நேத்தும் ஒண்ணுமில்லன்ன. நாளைக்கும் ஒண்ணுமில்லன்னுதான் சொல்லப்போற. ஒரு பொய்யாவது சொல்லேன்டா. தூக்கம் வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டு வரேன்."

பொய் சொல்லவும் ஏதாவது நடந்திருக்க வேண்டுமே. இருவரும் தூங்கிப்போவார்கள். முகாம் வாசலின் வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கும்போது மொத்த பஸ்ஸும் ஒன்றாகக் கண் விழிக்கும். ஒருமுறை சாலையைச் சீராக்குகிறேன் என்று அந்த மேட்டை வழித்தெடுத்துவிட்டார்கள். அன்றைக்கு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. காவலாள் ஏறிப் பார்த்து, தூங்குகிறவர்களின் கழுத்து அட்டைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு, பஸ்ஸை உள்ளே விட்டான். ஆள் விழித்திருக்க வேண்டும் என்று விதியில் இல்லையாம். மறுவாரமே மேட்டைத் திரும்பப் போட்டுவிட்டார்கள்.

வாசலில் கைப்பேசியை ஒப்படைக்க வேண்டும். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மரப்பொந்துகள், அதில் அவரவர் கைப்பேசி. உள்ளே போய்விட்டால் உலகம் அந்தப் பொந்தில்தான் இருக்கும். காக்காத்துரைக்கு மகள் பிறந்த சேதியே ஒரு பகல் முழுக்க அதற்குள் கிடந்து, சாயங்காலம்தான் கைக்கு வந்தது. ஊரெல்லாம் வாழ்த்தி முடித்த பிறகு அப்பாவுக்குத் தெரிந்தது. அன்றைக்கும் அவர் பஸ்ஸில் தூங்கிக்கொண்டுதான் போனார். வேறென்ன செய்வது? பஸ்ஸை அவரா ஓட்டுகிறார்?

வேலை இதுதான். முகாமில் ஓர் அவசரகால ஓடுபாதை இருந்தது. என்றைக்காவது ஏதாவது ஒரு விமானம் தவித்துப்போய் வந்தால் இறங்குவதற்கு. அவர் சேர்ந்த நாள் முதல் ஒரு விமானமும் தவிக்கவில்லை. ஆனாலும் விமானம் வரலாம். வந்தால் பறவை மோதலாம். ஆகவே பறவை இருக்கக்கூடாது. பறவையை விரட்ட ஒரு வெடிக்குழாய் கொடுத்திருந்தார்கள். மூன்று கால், ஒரு நீளக்குழல், பக்கத்தில் எரிவாயு சிலிண்டர். நெம்புகோலை இழுத்தால் பீரங்கி மாதிரி ஒரு சத்தம். குண்டும் இல்லை, புகையும் இல்லை, வெறும் சத்தம்தான். முன்பெல்லாம் நாள் முழுக்க வெடிக்கலாம். பிறகு சிக்கனச் சுற்றறிக்கை வந்து, மத்தியானம் ஒரே ஒரு தடவைதான் என்று ஆனது. மீதி நேரம் பறவைகள் தாங்களாகவே விதிகளை அனுசரித்து நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

சேர்ந்த புதிதில் ஒவ்வொரு வெடிக்கும் அவர் உடம்பு தூக்கிப்போடும். காதைப் பொத்துவார், கண்ணை மூடுவார், அப்படியும் நெஞ்சு ஒரு தடவை எகிறிவிட்டு இறங்கும். ஒரு மழைக்காலம் போனது, ஒரு வெயில்காலம் போனது. கண் மூடுவது நின்றது. பிறகு காதைப் பொத்துவதும் நின்றது. பிறகு ஒன்றுமே இல்லை. பக்கத்தில் இடி விழுந்தாலும், "என்ன, மழை வருதா?" என்று கேட்கிற நிலைக்கு வந்துவிட்டார்.

இதில் மகளுக்குத்தான் பெரிய மனக்குறை. எட்டு வயசு. அப்பா வேலைக்குக் கிளம்பும்போது அவள் தூக்கத்தில் இருப்பாள். வரும்போது அரைத்தூக்கத்தில் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமைதான் இருவரும் முழுசாக விழித்த நிலையில் சந்திப்பது. அன்றைக்கு அவளுக்கு ஒரே விளையாட்டு. கதவுக்குப் பின்னால், பீரோவுக்குப் பக்கத்தில், கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்து, அப்பா கடக்கும்போது "பே!" என்று கத்துவாள். பள்ளியில் அவள் "பே"க்குப் பயப்படாத ஆசிரியையே கிடையாதாம். அப்பா மட்டும் நின்று, திரும்பி, "என்னம்மா?" என்பார்.

"பயப்படணும்பா!"

அவர் உடனே தோளைத் தூக்கி, கையை உதறி, "ஐயய்யோ!" என்பார். அதற்குள் அவள் முகம் சுருங்கிவிடும்.

"லேட்டுப்பா. கத்தின உடனே குதிக்கணும். நீ யோசிச்சிட்டுக் குதிக்கற."

அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மத்தியானம் முதல் இரவு வரை ஷிப்ட் பார்த்தாள். "இவருக்கு ஊசி குத்தினா ரத்தம் வருமான்னே எனக்குச் சந்தேகம்டி. ஒரு நாளைக்குக் குத்திப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்பாள் மகளிடம். பேச்சுத்தான் அப்படி. அவர் டப்பாவில் சாப்பாடு மீந்து வந்தால் ஆள் இளைத்துவிட்டாரோ என்று கவலைப்படுகிறவள். டப்பா ஏன் எப்போதும் வழித்துத் துடைத்த மாதிரி வருகிறது என்று அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பறவைகள் என்று பதில் வந்திருக்கும்.

பறவைகளின் கதைக்கு ரொட்டியில் இருந்து வர வேண்டும். மெஸ்ஸில் மீந்த ரொட்டியைக் குப்பையில் போட வேண்டுமானால் மூன்று பேர் கையெழுத்து வேண்டும், ஏன் மீந்தது என்று விளக்கமும் வேண்டும். அதிகம் சுட்டீர்களா, சிப்பாய்கள் சரியாகச் சாப்பிடவில்லையா, சாப்பிடவில்லை என்றால் மனச்சோர்வா என்று கேள்வி நீளும். ஆகவே சமையல்காரர் மீந்த ரொட்டியை ஒரு பையில் போட்டு, "துரை, இது கண்ணுல படாம போகட்டும்" என்று காக்காத்துரையிடம் கொடுத்துவிடுவார். ஓடுபாதையின் கடைக்கோடியில் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு. மத்தியானம் வெடிப்பார். பிறகு கொட்டகை நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார். அப்படியே பையையும் உதறிவிடுவார். காக்கா வரும், புறா வரும், பேர் தெரியாத இன்னும் சிலவும் வரும். அன்பு, ஜீவகாருண்யம் என்று யாரும் கண் கலங்க வேண்டாம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆள் கிடையாது. எதிரில் ஏதோ ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நமக்கும் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான்.

இப்படி வருஷக்கணக்காக நடந்ததில், பறவைகளுக்கு ஒரு விஷயம் திட்டவட்டமாகப் புரிந்துவிட்டது. சத்தம் கேட்டால் சாப்பாடு. விரட்டுவதற்கென்று வெடித்த வெடி, பந்திக்கு அழைக்கிற மணியாகிவிட்டது. அவருக்கும் இது தெரியும், சமையல்காரருக்கும் தெரியும். "மேல இருக்கறவனுங்களுக்குத் தெரிஞ்சா உன்ன விரட்டுவானுங்க, என்னப் பொரிப்பானுங்க" என்று சமையல்காரர் பஸ்ஸே குலுங்கச் சிரிப்பார். விமானம் வராத இடத்தில் பறவை வந்தால் யாருக்கு நஷ்டம்?

நஷ்டம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பள்ளி விட்டதும் மகளைப் பார்த்துக்கொண்டது எதிர் வீட்டு அக்கா. அந்த அக்காவின் குடும்பம் வேறு ஊருக்குக் கிளம்பியது. சாயங்காலம் முதல் பிள்ளையுடன் இருக்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே மனைவி பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, எங்க அக்கா போன் பண்ணிச்சு. பாப்பாவ அங்க விட்டுடுன்னுது. பெரியம்மா வீடுதானே, பள்ளிக்கூடமும் பக்கத்துலயாம்."

"அது ஒரு நாள் பயணமாச்சே."

"தெரியுது. நான் வேலைய விடணும்னு சொல்றீங்களா?"

"நான் எங்க சொன்னேன்?"

"நீங்க எதத்தான் சொல்றீங்க? நான் விடமாட்டேன். எனக்கு அங்க ஒரு மரியாத இருக்கு. குத்தினா ரத்தம் வருது, ரத்தத்துல நோய் தெரியுது, ஒரு பிரயோஜனம் கண்ணுக்கு முன்னாடி இருக்கு. நீங்க சீக்கிரம் வீட்டுக்கு வர்ற மாதிரி ஏதாவது பண்ண முடியுமான்னு பாருங்க. இல்லன்னா பரீட்ச முடிஞ்சதும் அனுப்பித்தான் ஆகணும்."

கதவுக்குப் பின்னாலிருந்து "பே!" என்று சத்தம் வந்தது. அவர் திரும்பி, "என்னம்மா?" என்றார்.

மறுநாள் அவர் தலைமை எழுத்தரிடம் போனார். பல வருஷங்களில் முதல் தடவையாக ஒன்றைக் கேட்கப் போனார். ஊருக்குள்ளேயே ராணுவத்துக்கு ஒரு சரக்குக் கிடங்கு உண்டு. வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அங்கே ஒருவர் ஓய்வு பெறுவதாக இருந்தது.

தலைமை எழுத்தர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "உன்ன மாத்தணும்னா உன் எடத்துக்கு இன்னொரு ஆள் வரணும். காக்கா விரட்ட எவன்யா வருவான்? ஆனா ஒரு வழி இருக்கு. அடுத்த மாசம் ஆள்குறைப்புக் குழு வருது. எந்தப் பதவி தேவ, எது தேவையில்லன்னு பாக்கப் போறாங்க. உன் பதவி தேவையில்லன்னு எழுதிட்டாங்கன்னா நீ உபரி. உபரி ஆளக் கட்டாயம் கிடங்குக்குத்தான் அனுப்பணும். அது விதி."

"அப்ப நான் என்ன சார் பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாத. அதுதான் உனக்கு நல்லா வருமே. அவங்க வர்றப்ப ஓடுபாதையில ஒரு குருவி இருக்கக்கூடாது. அவ்வளவுதான்."

காக்காத்துரை அன்றே ரொட்டிப் பையை நிறுத்தினார். சமையல்காரர் மெஸ்ஸின் பின்சுவருக்கு அப்பால் ரொட்டியை எறிய ஆரம்பித்தார். பறவைகள் அந்தப் பக்கம் குடிபெயர்ந்தன. ரொட்டி நின்றால் போதாது, சத்தமும் நிற்க வேண்டும் என்று காக்காத்துரை யோசித்தார். சத்தம் கேட்டால்தானே வரும்? கேட்காவிட்டால் மறந்துவிடும். நல்லவேளையாக எரிவாயு தீர்ந்திருந்தது. புது சிலிண்டருக்கு எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்தால் ஸ்டோரிலிருந்து வராது என்பது அவருடைய நீண்டகால அனுபவம். வெடிக்குழாய் வாய் மூடிக் கிடந்தது. ஓடுபாதை, வழித்துத் துடைத்த டப்பா மாதிரி ஆனது.

இங்கேதான் அவர் தப்புச் செய்தார். தினமும் வெடித்து, வந்த பறவைக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்பியிருந்தால், இந்த ஆளை நம்பிப் பிரயோஜனமில்லை என்று அவை நாளடைவில் விட்டுவிட்டிருக்கும். சத்தத்தையும் சேர்த்து நிறுத்தியதில், பழைய நம்பிக்கை ஒரு கீறல்கூட விழாமல் அப்படியே இருந்துவிட்டது. மறக்கவைப்பது என்றால் சும்மா விட்டுவிடுவது என்று அவர் நினைத்தார். அவருக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான்.

குழு வந்தது. விமானத் தளத்துக்கு விமானத்தில்தானே வர வேண்டும்? ஜீப்பில் வந்தார்கள். ஓடுபாதையில் பறவை நடமாட்டம் எப்படி என்று தெரியாத நிலையில் இறங்குவது உசிதமல்ல என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட தலைவர், பின்னால் எழுதிக்கொள்ள ஒருவர், அவர்களுக்குப் பின்னால் முகாம் தளபதி, கடைசியில் மூச்சு வாங்க ஸ்டோர் அதிகாரி. மத்தியான வெயில் ஓடுபாதை மேல் தகதகவென்று நின்றது. ஓர் இறகுகூட இல்லை.

"பறவை எங்கய்யா?" என்றார் தலைவர்.

"இல்லீங்க ஐயா."

"எப்பவும் இல்லையா?"

"இப்ப இல்லீங்க."

"இல்லாத பறவைய விரட்ட ஒரு ஆளா!" தலைவர் சிரித்தார். தலைவர் சிரித்ததால் எழுதுகிறவரும் சிரித்தார். தளபதி கடைசியாக, பதவிக்குத் தக்க அளவில் சிரித்தார். "எழுதிக்கய்யா. தேவையில்லை."

எழுதுகிறவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். காக்காத்துரை அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கிடங்கு. ஒரு நாற்காலி. வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு நடக்கிற தெரு. பள்ளி வாசலில் தன் கைக்கு மாறுகிற புத்தகப் பை. நினைக்க நினைக்க நெஞ்சில் என்னவோ லேசாக அசைந்த மாதிரி இருந்தது. வாயுவாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

தலைவர் திரும்பும்போது வெடிக்குழாய் கண்ணில் பட்டது. "இது என்ன, பீரங்கியா?"

ஸ்டோர் அதிகாரி முன்னால் பாய்ந்தார். "பறவை விரட்டற வெடிங்க ஐயா! நேத்துதான் புது சிலிண்டர் மாட்டினோம். ஐயா வர்றீங்கன்னே அவசரமா வரவழைச்சோம்."

ஆயுளில் ஒரே ஒரு தடவை ஸ்டோர் சுறுசுறுப்பாக வேலை செய்திருந்தது.

"அப்ப ஒரு தடவ வெடிய்யா. இவ்வளவு தூரம் வந்ததுக்கு ஒரு சத்தமாவது கேட்டுட்டுப் போவோம்."

காக்காத்துரை நகரவில்லை. "காது வலிக்குங்க ஐயா."

"ராணுவத்துக்காரன் காதுய்யா இது. வெடி."

என்ன சொல்வது? வெடித்தால் பறவை வரும் என்றால், ஏன் வரும் என்பார்கள். ரொட்டி போட்டேன் என்றால், யார் கொடுத்த ரொட்டி என்பார்கள். இவர் வேலையோடு சமையல்காரர் வேலையும் போகும். இத்தனை நாளில் மறந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லி முடிப்பதற்குள் கை பழக்கத்தில் நெம்புகோலை இழுத்துவிட்டது.

தலைவர் ஒரு முழம் துள்ளினார், கறுப்புக் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. எழுதுகிறவர் பேனாவைத் தவறவிட்டார். தளபதி துள்ளாமல் இருக்க முயன்று பாதி துள்ளினார். காக்காத்துரை மட்டும் நட்ட கம்பம் மாதிரி நின்றார்.

ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. சத்தம் போய்ப் பாறையில் மோதித் திரும்பி வந்தது. அவர் மூச்சை விடப் போனார். அப்போது மெஸ் பக்கத்து வானத்தில் ஒரு கறுப்புத் துணியை யாரோ உதறின மாதிரி இருந்தது.

வந்தன. காக்கா, புறா, பேர் தெரியாதவை எல்லாம் வந்தன. ஓடுபாதையில் இறங்கி, வரிசையாக நடந்து, அதிகாரிகளின் பளபளப்பான பூட்ஸைச் சுற்றி நின்றுகொண்டன. நாள் கணக்கில் பட்ட ஏக்கம் முழுவதும் அவற்றின் கழுத்தில் தெரிந்தது. ஒரு கிழட்டுக் காக்கா தலைவருக்கு முன்னால் வந்து நிமிர்ந்து, வாயைப் பிளந்தது.

"என்னய்யா இது!" என்றார் தலைவர். "வெடிக்கே பயப்படல! வெடிச்சப்புறம்தான்யா வருதுங்க!"

"எதிரிங்க பழக்கி அனுப்பியிருப்பாங்களோ?" என்றார் எழுதுகிறவர்.

"நேத்து வரைக்கும் இல்லீங்களே" என்றார் தளபதி, அவசரமாக.

"அதான்யா ஆபத்து! இல்லாத மாதிரி இருந்துட்டு வருதுங்க." தலைவர் இரண்டு எட்டுப் பின்னால் வைத்தார். "முன்ன எழுதினத அடிச்சிடு. மிக மிகத் தேவைன்னு எழுது. இன்னும் ரெண்டு வெடிக்குழாய் கொடுங்க. இந்த ஆளப் பாருங்கய்யா, இத்தன பறவைக்கு நடுவுல, கண்ணச் சிமிட்டாம நிக்கறாரு. இப்படி ஒரு ஆளா இந்தப் பதவிக்கு வேண்டாம்னு சொல்லப் பாத்தோம்!"

காக்காத்துரை காலடியில் நின்ற பறவைகளைப் பார்த்தார். அவையும் அவரைப் பார்த்தன. அவரிடம் பை இல்லை.

ஒரு வாரத்தில் பாராட்டுப் பத்திரம் வந்தது. கூடவே, அவர் வகிப்பது இன்றியமையாப் பதவி, மறு உத்தரவு வரும்வரை இடமாற்றம் கிடையாது என்று ஆணையும் வந்தது. நிலை இரண்டிலிருந்து நிலை ஒன்றுக்கு உயர்த்தியிருந்தார்கள். தலைமை எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அவரை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார். "இனிமே ஆண்டவனே சிபாரிசு பண்ணாலும் உன்ன அசைக்க முடியாது."

"சரி சார்" என்றார் அவர்.

அன்று பஸ்ஸில் சமையல்காரர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. வேறொன்றை மெதுவாகச் சொன்னார்.

"துரை, அன்னிக்கி நான் சுவத்துக்குப் பின்னாடி ரொட்டி போட்டுக்கிட்டுதான்டா இருந்தேன். தின்னுக்கிட்டு இருந்துதுங்க. உன் சத்தம் கேட்டதும் வாயில இருக்கறத அப்படியே போட்டுட்டு ஓடுச்சு. முன்னாடி இருக்கற சாப்பாட்ட விட்டுட்டு உங்கிட்ட ஓடுது. பெத்த புள்ளகூட அப்படி..."

சொல்லும்போதே என்ன சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். திரையை விலக்கி வெளியே பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். விதிப்படி அது குற்றம். வெளியே கல் இருந்தது.

வீட்டில் மனைவி அன்றைக்கு ஷிப்ட் மாற்றிக்கொண்டு காத்திருந்தாள். மகள் தூங்கிவிட்டிருந்தாள்.

"என்னாச்சுங்க?"

"கிடைக்கல."

"ஏன்?"

முகாமில் நடப்பதை மூச்சுவிடக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தாரே, அது ஞாபகம் வந்தது. "பறவ வந்துடுச்சு" என்றார்.

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். கோபப்படலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு எழுந்து, பரண்மேல் இருந்த பெட்டியை எடுத்துத் தரச் சொன்னாள். அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் அதை ஈரத் துணியால் துடைத்தாள். துடைத்து முடித்து, சுத்தமாக இருந்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வந்து ரயில் நிலையத்தில் நின்றார். காக்காத்துரை பெட்டியை ஏற்றிவிட்டு இறங்கினார். மகளைக் காணவில்லை. நடைமேடையில் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். தூணுக்குப் பின்னாலிருந்து அவள் குதித்தாள்.

"பே!"

அவர் நின்றார். திரும்பினார். பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. தோளைத் தூக்கி, கையை உதறி, "ஐயய்யோ!" என்றார்.

"லேட்டுப்பா" என்றாள் மகள். திட்டவில்லை. பெரியவர்கள் மாதிரி அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டாள். ரயில் போன பிறகும் மனைவி தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் நடைமேடைச் சீட்டை எங்கே வைத்தோம் என்று சட்டைப்பையில் தேடிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பஸ், திரை, தூக்கம், வேகத்தடை. கைப்பேசியைப் பொந்தில் வைத்தார். சமையல்காரர் ரொட்டிப் பையை நீட்டினார். காக்காத்துரை வாங்கிக்கொண்டார். ஓடுபாதையின் கடைக்கோடியில் இப்போது மூன்று வெடிக்குழாய்கள், புது வண்ணப்பூச்சோடு நின்றன. சிக்கனச் சுற்றறிக்கை இன்னும் அமலில் இருந்ததால், மூன்றில் ஒன்றை மட்டும், மத்தியானம் ஒரு தடவை வெடிக்கலாம்.

பறவைகள் முன்னதாகவே வந்து கொட்டகையைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. அவர் பையை ஓரமாக வைத்தார். குழலைச் சரிபார்த்தார். நெம்புகோலை இழுத்தார்.

வெடித்தது.

பறவைகள் ஒன்றுகூட அசையவில்லை. அவருக்குத்தான் உடம்பு தூக்கிப்போட்டது. பை காலில் இடறி உருண்டது, ஒரு கை தானாக நெஞ்சுக்குப் போனது. உடனே, யோசிக்காமல், சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

தகரச் சுவர் இருந்தது. அதில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒளிந்திருக்க யாரும் இல்லை. கிழட்டுக் காக்கா பொறுமையிழந்து வந்து அவர் பூட்ஸைக் கொத்தியது.

அவர் குனிந்து பையை எடுத்து உதறினார்.